ஞாயிற்றுக்கிழமை ரத்த அழுத்தம்

நீலசந்திராவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட வந்தவர்களாக இருப்பார்கள். இல்லையென்றால் நாங்கள். ஜெபக்கூட்டக்காரர்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். அவர்கள் பாட்டாவது பாடுவார்கள். நாங்கள் விரலில் குத்துவோம், தண்ணீர் டிரம்முக்குள் டார்ச் அடிப்போம், போன வாரம் எத்தனை நாள் மனசு சரியில்லாமல் இருந்தது என்று கேட்போம். கேட்டு முடிப்பதற்குள் அந்த வாரக் கணக்கில் இன்னொரு நாளும் சேர்ந்துவிடும்.

நாங்கள் என்றால் ஒரு சுகாதார ஆய்வுக் குழு. பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பை முடித்த கையோடு நான் அதில் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருந்த வேகத்தை இப்போது நினைத்தால் மூச்சு வாங்குகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் நோயை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. தண்ணீர், கழிப்பறை, வேலை, சாப்பாடு, மனசு எல்லாவற்றையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னபோது எனக்குப் புல்லரித்திருக்கிறது. எங்கள் ஆய்வின் பெயரிலேயே 'ஒருங்கிணைந்த' என்ற சொல் இருந்தது. அதற்காகவே விண்ணப்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நடைமுறையில் அது இப்படித்தான் இருந்தது. முன்பெல்லாம் கொசுவுக்கு ஒரு குழு, சர்க்கரைக்கு ஒரு குழு, தண்ணீருக்கு ஒரு குழு என்று ஒரே வீட்டுக்கு மாறி மாறிப் போவார்களாம். ஜனங்கள் சலித்துப்போனார்கள். இப்போது எல்லோரும் சேர்ந்து போய் ஒரே நாளில் சலிக்க வைத்தோம்.

ஒரு வீட்டுக்கு மூன்று பேர். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பவர் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துபோகிற நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். தண்ணீரும் கழிப்பறையும் தும்கூர்க்கார எஞ்சினியருடைய பொறுப்பு. என் வயதுதான் இருக்கும். தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் பாதியில் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். வேலை, சாப்பாடு, மனசு மூன்றும் என் பங்கு. பதில்களைப் பதிவு செய்ய ஆளுக்கொரு டேப்லெட், எங்கள் வாயில் டேப். அவரவர் கேள்விகள் அவரவர் டேப்பில். மாலையில் எல்லாம் அலுவலகத்துக்குப் பறந்துபோகும். அங்கே ஆண்டு முடிவில் யாரோ அவற்றை ஒன்றாகச் சேர்ப்பார்கள். அதுதான் ஒருங்கிணைப்பு.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. மற்ற நாட்களில் அந்தச் சந்துகளில் வேலைக்குப் போகாத ஆளே அகப்படாது. எனக்கு விவேக் நகரிலிருந்து நடக்கிற தூரம். அம்மா பூசைக்குக் கிளம்பும்போது நான் டேப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருப்பேன். "கோயிலுக்கு வர நேரமில்ல, ஊரு வூட்டு டிரம்மைப் பார்க்க நேரமிருக்கு" என்பார். டிரம்மைப் பார்ப்பது நானல்ல, எஞ்சினியர் என்று விளக்கும் தெம்பு ஆரம்ப மாதங்களோடு போய்விட்டது.

அந்த அக்காவின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. ஒரே அறை, அதற்குள் கட்டில், அடுப்பு, டிவி, எங்கள் மூன்று பேருடைய முழங்கால்கள். அவர் ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைப்பவர். கணவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நாங்கள் வந்தால் இடம் கொடுப்பதற்காக வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே எல்லாக் கேள்விகளுக்கும் தானும் பதில் சொல்வார்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பல மாதங்களாக ரத்தப்போக்கு. அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் போகும்போதெல்லாம் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இது இறங்காமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி போனார். மறுபடி ஏறியிருந்தது. ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் முகம் இன்னும் வெளுத்தது. தெருக்குழாயிலிருந்து குடத்தை எடுத்து வரும்போது பாதிச் சந்திலேயே இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவார். இப்படியே போனால் ஒரு நாள் மிஷின் மேலேயே சாய்ந்துவிடுவார் என்று சிஸ்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் அளவில் அவருக்கு ரத்த அழுத்தம் அவ்வளவு மோசமில்லை. மாதாமாதம் பார்த்தோம். கொஞ்சம் எல்லையில் நிற்கும். ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிற அளவுக்கு எப்போதும் ஏறவில்லை.

"உங்க மெஷின் நல்ல மெஷின்மா" என்பார் அக்கா. "ஆஸ்பத்திரி மெஷினுக்குத்தான் என்னைக் கண்டா ஆவறதில்ல."

"அந்த மெஷினுக்கு வேணும்னா ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடுத்துப் பாக்கலாமா?" என்று வாசலிலிருந்து குரல் வரும்.

"நீ வாய மூடினு இரு. உன்னப் பாத்தாலே எனக்கு ஏறுது."

சிஸ்டர் எங்கள் கருவியைச் சந்தேகப்பட்டு வேறொன்று வாங்கி வந்தார். எஞ்சினியர் பேட்டரியைச் சோதித்தார். நான் அந்த வார இரவுகளைத் தேடிப் படிப்பதில் கழித்தேன்: மருத்துவமனையைப் பார்த்ததும் பயத்தில் அழுத்தம் ஏறுவது உண்டாம். பிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு வந்து சொன்னேன். "பயமா? இவளுக்கா?" என்றார் கணவர். அக்காவும் யோசித்துப் பார்த்துவிட்டு, அங்கே தூக்கம்தான் வரும், பயம் வராது என்றார்.

அது வெளிவந்தது ஒரு மழை நாளில். முந்தைய வீடுகளில் நேரமாகிவிட்டது. எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது, ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் கேட்க வேண்டும். அன்று பசியும் ஈரச் செருப்பும் சேர்ந்து முறையெல்லாம் போய்விட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அக்காவைச் சூழ்ந்துகொண்டு கேட்க ஆரம்பித்தோம்.

"அக்கா, ராத்திரி டைம்ல டாய்லெட் யூஸ் மாட்தீரா? லைட் இதேயா?" என்றார் எஞ்சினியர்.

"எங்கருந்து லைட்டு? வெளிய நாலு வூட்டுக்கும் சேத்து ஒண்ணு. ராத்திரி நாயிங்க படுத்துனு இருக்கும். நான் போறதில்லப்பா."

"வேலை நேரத்தில் பாத்ரூம் போக எத்தனை தடவை விடுவார்கள்?" இது நான், டேப்பில் எழுதியிருந்த வாசகப்படியே.

"விடுவாங்கம்மா. விடமாட்டேன்னு யாரும் சொல்றதில்ல. எழுந்து போனா பீஸ் குவிஞ்சிடும். அப்புறம் லைனே என்னால நின்னுபோச்சுன்னு சூப்பர்வைசர் கத்துவான். எதுக்கு பேஜாரு? தண்ணி குடிக்காம இருந்தா முடிஞ்சுது."

சிஸ்டர் அவர் கையில் அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "மாத்திரை போட்டீங்களா இன்னிக்கு?" என்றார்.

"போட்டேனே. காலைல எழுந்ததும் ஒண்ணு, டீ குடிச்சிட்டு ஒண்ணு. லீவு நாளாச்சே."

பட்டை உப்பிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதை நிறுத்தினார். "லீவு நாளாச்சேன்னா? மத்த நாள்ல?"

அக்காவுக்கு எங்கள் முகங்கள் ஏன் மாறின என்றே தெரியவில்லை. "மத்த நாள்ல எப்டி சிஸ்டர் போடறது? அந்த மாத்திரையப் போட்டா கால் மணிக்கொருவாட்டி ஒண்ணுக்கு வருது. பஸ்ல நிக்கறேன், லைன்ல உக்காறேன், எங்க போயி இருப்பேன்? ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கும் போடமாட்டேன். அங்க வரிசைய விட்டு நகந்தா திரும்ப கடைசில போயி நிக்கணும்."

எஞ்சினியர் டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தார்.

சிஸ்டருக்குக் கோபம் வந்தது. தங்கவயல்காரர்களின் கோபத்தில் பாதி சிரிப்பு இருக்கும். அன்று அந்தப் பாதி இல்லை. "நான் மாசாமாசம் கேக்கறேன், மாத்திரை போட்டியான்னு. போட்டேன் போட்டேன்னு தலைய ஆட்டற!"

"போட்டுத்தானே இருந்தேன்! நீங்க கேட்ட அன்னிக்கெல்லாம் போட்டுத்தான் இருந்தேன்."

அதில் பொய்யே இல்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வந்து, இன்று போட்டீர்களா என்று மட்டுமே கேட்டோம். இரண்டு மாத்திரையும் லீவு நாள் ஓய்வும் சேர்ந்து அழுத்தத்தை எங்களுக்கு இறக்கிக் காட்டின. வாரநாளில் மருத்துவமனைக்கு அது ஏறியே நின்றது. இத்தனைக்கும் தேவையான எல்லாப் பதில்களும் எங்களிடம் முன்பே இருந்தன. கழிப்பறை எஞ்சினியரிடம், சூப்பர்வைசர் என்னிடம், மாத்திரை சிஸ்டரிடம். ஒருவர் கேட்கும்போது மற்ற இருவரும் காதில் வாங்காமல் முந்தைய வீட்டுப் பதில்களை டேப்பில் ஏற்றிக்கொண்டிருப்போம், நேரம் மிச்சமாகட்டும் என்று.

எனக்கு அப்போது குஷிதான் வந்தது, மறைப்பானேன். இதோ, வகுப்பில் சொன்னது! உடனே வழி சொல்ல ஆரம்பித்தேன். "ராத்திரி படுக்கும்போது போடுங்க அக்கா."

"ராத்திரி வெளிய போயி நாய மிதிக்கவா?"

"வேலையிலிருந்து வந்ததும்?"

"வந்ததும் தண்ணி புடிக்கணும், சோறாக்கணும். அதும் போட்டா அன்னிக்கு ராத்திரி முழுக்க வருதுமா. பாத்துட்டேன்."

"சூப்பர்வைசரிடம் பேசினால்?"

"ஏம்மா, இருக்கற வேலையும் போவட்டும்னா?"

எஞ்சினியர் கழிப்பறைக்கு விளக்கு போட மாநகராட்சிக்கு எழுதலாம் என்றார். சொல்லி முடிக்கும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்து இடித்தது. கடைசியில் சிஸ்டர்தான், "வேற மாத்திரை இருக்குது. ஒண்ணுக்கு வர வைக்காத மாத்திரை. டாக்டருகிட்ட காரணத்தச் சொன்னா மாத்திக் குடுப்பாங்க" என்றார்.

"அதுக்கு ஒரு நாள் லீவு போடணுமே" என்றார் அக்கா. பிறகு, எங்களைத் தேற்றுவது போல, "பரவால்ல, டீ குடிங்க" என்றார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் இதை வேகவேகமாகச் சொன்னேன். அக்காவை நானே மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னேன். ஆய்வுக்குத் தலைமை வகித்த மேடம் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். நல்லவர், எங்கள் சம்பளம் தாமதமானபோது நிதி தந்தவர்களிடம் சண்டை போட்டவர். "மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடு, அது நம் கடமை" என்றார். "ஆனால் நீ கூடவே போனால் அந்த வீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும். எல்லா வீட்டோடும் நாம் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லையே. ஒரு வீட்டில் கையை வைத்துவிட்டு, இங்கே இயல்பாக நடந்தது இதுதான் என்று எப்படி எழுதுவது?"

"அவரை எடுத்துவிட்டால், நாம் கண்டுபிடித்ததும் சேர்ந்து போய்விடுமே மேடம்?"

"போகும்" என்றார்.

அதற்கு மேல் என்னிடம் வாதம் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு இருந்தது. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்ததும், இதே வாதத்தை அவர் வேறு ஊர்களில், வேறு யாரிடமோ செய்து களைத்தவர் என்று தோன்றியது. சீட்டை எழுதினேன். பிறகு ஒரு நாள் விடுப்புக்கும் எழுதினேன்.

மருத்துவமனைக்கு அக்கா மாத்திரை போடாமல்தான் வந்திருந்தார், தண்ணீரும் குடிக்காமல். வழக்கம் விடவில்லை. வரிசை வெளிச் சுவர்வரை நீண்டிருந்தது. அன்று காலை முழுவதும் நான் செய்த பொதுச் சுகாதாரப் பணி, வரிசையில் அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. "போய் வாங்க, நான் இருக்கேன்" என்றேன். முதல் முறை நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த முறை நிதானமாகப் போனார். அதற்கடுத்த முறை வரும்போது கையில் இரண்டு வடை.

டாக்டர் இளம்பெண், என்னைவிட அதிகமாகத் தூங்காதவர் போல இருந்தார். அளவைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். அக்கா கன்னடத்தில், ஏதோ மார்க்கெட்டில் விலை சொல்வது போல, காரணத்தைச் சொன்னார்: மாத்திரை, பஸ், லைன், நாய். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"மொதலே ஹேளபாரதா?" முன்னாடியே சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

"நீவு கேளலே இல்ல மேடம்." நீங்கள் கேட்கவே இல்லையே என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே.

டாக்டரும் சிரித்துவிட்டார். பழைய மாத்திரையின் பெயரை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். நின்றதெல்லாம் சேர்ந்து அரை நாள். பேனா ஓடியது அரை நிமிடம்கூட இல்லை. வெளியே வந்ததும் நான் சுவரில் சாய்ந்து நின்றேன். மகிழ்ச்சி வர வேண்டிய இடத்தில் கால் வலிதான் வந்தது.

புதிய மாத்திரைக்கும் ஒரு குணம் இருந்தது. கணுக்கால் வீங்கியது. "செருப்பே ஏறலம்மா" என்று போனில் சொன்னார். சிஸ்டரிடம் கேட்டேன். "அந்த மாத்திரைக்கு அப்டித்தான். ஜாஸ்தியா வீங்கினா சொல்லச் சொல்லு, டாக்டருகிட்டக் காட்டிடலாம். ஆனா நிறுத்தக் கூடாது. நிறுத்தினா நானே வந்து உதைப்பேன்னு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். அக்கா கணவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். கணவர் பெயிண்ட் சொட்டிய பழைய ஷூவுக்கு மாறிக்கொண்டார்.

வீடு ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பதில் அதே சந்தில் வேறொரு வீடு சேர்ந்தது. அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் அவர் வாசலைத் தாண்டிப் போனபோது அக்கா வெளியே துணி காயவைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, எங்க வூட்டத் தள்ளி வெச்சுட்டீங்களா?"

"ரூல்ஸ் அக்கா" என்றார் எஞ்சினியர், மிகவும் வெட்கப்பட்டு.

"ஆவட்டும் ஆவட்டும். அவ வூட்ல டீல சக்கரையே இருக்காது, பாத்துக்கோங்க."

எடுத்துவிட்ட வீட்டுக்கு யாரும் வாரநாளில் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. சிஸ்டர் ரயிலுக்குப் போகும் வழியில், வேலை முடிந்து அக்கா வரும் நேரத்துக்குப் போய் அழுத்தம் பார்த்துவிட்டு வந்தார். எந்த டேப்பிலும் ஏறாத அளவுகள். முதலில் அசையவில்லை. பிறகு கொஞ்சம் இறங்கியது. பிறகு இறங்கிய இடத்திலேயே நின்றது. "புடிச்சிருச்சு" என்று ஒரே சொல்லில் எனக்குச் செய்தி அனுப்பினார்.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. ரத்தம் குறைவாக இருந்ததால் முன்பாகவே சேர்த்துக்கொண்டு இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஆபரேஷன் அன்று காலை நான் போனபோது பச்சைத் துணி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அக்காவைத் தலையில் பூ இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். மயக்க மருந்து டாக்டர் வந்து அழுத்தம் பார்த்தார். கணவர் அந்தக் கருவியையே முறைத்துக்கொண்டு நின்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இன்னொரு முறை பார்த்தார். பிறகு வார்டு நர்ஸிடம் திரும்பி, உள்ளே அனுப்பலாம் என்று தலையை ஆட்டினார்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கணவர் கூடவே கதவு வரை ஓடினார். "ஏய், பயப்படாத" என்றார்.

"நீ பயப்படாத. அடுப்பு மேல கொழம்பு கீது, ஊத்தித் துன்னு" என்ற சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

பிறகு பெஞ்சு. காத்திருக்கும்போது இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று யோசிக்க நினைத்தேன். மேடத்துக்குப் புரிய வைக்க, ஞாயிற்றுக்கிழமைகளை மாற்றச் சொல்ல, மூன்று டேப்பையும் ஒன்றாக்கச் சொல்ல. முதல் வாக்கியம்கூட மனதில் உருவானது. அதன் நடுவிலேயே தூங்கிவிட்டேன்.

யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். கணவர். "எழுந்திரும்மா. வெளிய கூட்டினு வந்துட்டாங்க. முடிஞ்சுதாம், நல்லா இருக்கறாளாம்." அவர் முகம் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை.

போய்ப் பார்த்தேன். அக்கா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி இல்லாததால் இருவரும் நின்றோம். இனி பல வாரம் குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று வார்டு நர்ஸ் சொன்னார். கார்மெண்ட்ஸில் அக்காவின் மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள் என்று கணவர் சொன்னார். சொல்லிவிட்டு, இன்னும் எழுந்திருக்காதவளுக்கு அதை எப்போது சொல்வது என்று என்னிடம் கேட்டார்.

"எழுந்து சாப்பிட்ட பிறகு சொல்லலாம்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, போர்வையை இழுத்து மனைவியின் வீங்கிய பாதங்களை மூடினார்.